மீஞ்சூர்க் கல்யாணத்துக் கல்

போன வாரம் தேவகிருபை அடுக்களையில் நின்றுகொண்டு விட்ட சாபம் வாசகர்களுக்கு மறந்திருக்காது. மறந்தவர்களுக்காக இன்னொரு தடவை சொல்லிவிடுகிறேன்.

"எந்தம்பி சரக்கக் கொறை சொல்லுத வாயி வெந்து போவும்!"

சாபம் மகன் ராசையாவைக் குறி வைத்து விடப்பட்டது. ராயபுரத்தில் அவர்கள் வைத்திருக்கும் கருப்பட்டி மண்டிக்கு உடன்குடிப் பக்கத்திலிருந்து சரக்கு அனுப்புகிறவன் அருள்நாதன். தேவகிருபைக்கு உடன்பிறந்தவன் என்று இருப்பது அந்த ஒரே தம்பிதான். "மாமா சரக்கு முன்ன மாதிரி இல்ல, இனி வேண்டாம்" என்று ராசையா சொல்லப்போக, பெற்ற மகன் என்றும் பாராமல் அவள் வாயை விட்டுவிட்டாள். பிறகு முழங்காலில் நின்று கர்த்தரிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள்.

ஆனால் அந்த வீட்டில் அப்போது உண்மையாகவே வாய் வெந்துகொண்டிருந்தவர் வேறொருவர். அவளுடைய கணவர் வெள்ளத்துரை கூடத்து நாற்காலியில் வலது கன்னத்தைக் கையில் ஏந்தியபடி, கேட்டும் கேளாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

இன்று காலை அந்தக் கன்னம் வீங்கியே விட்டது.

தேவகிருபை கருப்பட்டிக் காப்பியை ஆற்றி அவர் முன்னால் வைத்தாள். தானும் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள். இந்தப் பருவம் தொடங்கியதிலிருந்தே காப்பியில் அவளுடைய அப்பா காட்டுப் பனையின் ருசி வரவில்லை. எல்லாம் இந்த மதராஸ் தண்ணீர் செய்கிற வேலை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

"இஞ்சேருங்க, இன்னைக்கு டாக்டர்கிட்ட போயே ஆவணும். அந்தச் சொத்தப் பல்ல பிடுங்கி எறிஞ்சாத்தான் எனக்கு நிம்மதி."

"சொத்தை இல்லட்டி. வெடிப்பு."

"என்ன எழவோ. அந்த மீஞ்சூர் சமையக்காரன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

மீஞ்சூரில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு அவர் போன மாதம் தனியாகப் போய் வந்தார். திரும்பி வரும்போதே கன்னத்தில் கை. பந்திச் சோற்றில் கல் கடித்துவிட்டது என்றார். ரேஷன் அரிசிக் காலத்தில் சோற்றில் கல் என்றால் மறுகேள்வி ஏது? அன்றிலிருந்து தேவகிருபை அந்த முகம் தெரியாத சமையல்காரனைத் திட்டாத நாளில்லை. உப்பு ஒத்தடம், கிராம்புத் தைலம், கொய்யா இலை என்று கை வைத்தியமும் தீர்ந்துபோயிற்று.

"நாளைக்குப் போவம். சாயங்காலம் சரக்கு வருது. ஒந்தம்பியே கூட வாரான்" என்றார் வெள்ளத்துரை.

சட்டையை மாட்டிக்கொண்டே ராசையா வந்தான். அப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துப் பேசினான்.

"எம்மா, சரக்கு வந்தா மட்டும் போதுமா? எப்பா கடி பாக்கணும்லா? கடி பாக்காம நான் ஒரு சிப்பத்தையும் எறக்க மாட்டேன்."

அந்த மண்டியின் வழக்கம் அது. ஓலைச் சிப்பங்கள் வந்து இறங்கியதும், வாங்க வந்தவர்களில் ஒருவர் ஏதாவது ஒரு சிப்பத்தைக் கை காட்டுவார். அதைப் பிரித்து, ஒரு கருப்பட்டியை எடுத்து, வெள்ளத்துரை வலது கடைவாயில் வைத்து ஓரத்தைக் கடிப்பார். கண்ணை மூடுவார். என்ன தரம் என்பதை ஒரு சொல்லில் சொல்வார். வண்ணாரப்பேட்டை முதல் எண்ணூர் வரை உள்ள கடைக்காரர்கள் அந்த ஒரு சொல்லை நம்பித்தான் சரக்கெடுத்தார்கள். அவர்கள் அவரைக் 'கடி நாடார்' என்றே சொல்வார்கள். முகத்துக்கு நேரே இல்லை, முதுகுக்குப் பின்னால்.

வெள்ளத்துரை முகம் கழுவப் போனதும் ராசையா குரலைத் தாழ்த்தினான்.

"எப்பா ஒரு மாசமா கடிக்கவே இல்லம்மா. வாயில வச்சுச் சப்பிட்டு, நல்ல சரக்குன்னு சொல்லுதாரு. போன வாரம் ரெண்டு பேரு சரக்கத் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னொரு தடவ இப்படி நடந்தா மண்டிக்கு யாரு வருவா?"

இருபத்தைந்து வருஷத்து நாணயம் ஒரு பல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது தேவகிருபைக்கு அப்போதுதான் உறைத்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ரிக்ஷாவக் கூப்புடுல" என்றாள்.

ரிக்ஷாக்காரன் மண்ணாங்கட்டி வண்டியோடு வாசலுக்கு வந்தான். மண்டி ஆட்களை ஏற்றி இறக்கிப் பழகியவன், உரிமையோடு பேசுவான்.

"இன்னா மொதலாளி, கன்னம் பன்னு மாரி ஊதிக்கீது? எங்க தெருவுல ஒரு கெய்வி கீது. நூலக் கட்டி ஒரே இஸ்பு. பல்லு கைல வந்துரும், உசுரும் கூடவே வந்துரும்."

"நேராப் பாத்து இழுப்பா" என்றாள் தேவகிருபை. வெள்ளத்துரைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வலித்தது. டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு அவர்களைத் தாண்டிப் போகையில் அந்த மணியோசைகூடப் பல்லில் இறங்குவது போலக் கண்ணை இறுக்கிக்கொண்டார்.

பிராட்வேக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு மாடியில் சீனத்துப் பல் டாக்டர் இருந்தார். பலகையில் லியூ என்று எழுதியிருந்தாலும் எல்லோருக்கும் அவர் சீனா டாக்டர். தமிழை அவர் கற்றது பள்ளிக்கூடத்தில் அல்ல, வாசலில் நிற்கும் ரிக்ஷாக்காரர்களிடம்.

"எத்தினி நாளா வலி கீது சார்? வாய நல்லா தொறங்கோ. ஆங்... இன்னாத்தக் கடிச்சீங்கோ?"

"மீஞ்சூர்ல ஒரு கல்யாணம்..." என்று தேவகிருபை முந்திக்கொண்டு தொடங்கி, ரேஷன் அரிசி, சமையல்காரன், அவன் குலம் கோத்திரம் வரைக்கும் சொல்லி முடித்தாள். அதற்குள் டாக்டர் ஊசி போட்டு, கன்னம் மரத்துப்போகக் காத்திருந்து, விளக்கைச் சாய்த்து வேலையைத் தொடங்கிவிட்டார். பல்லின் ஒரு பக்கம் மேலிருந்து கீழாக வெடித்திருந்தது. வெடிப்புக்குள் என்னவோ ஆப்பு மாதிரி இறுகிக் கிடந்தது. மெல்லிய இடுக்கியால் அசைத்து அசைத்து எடுத்து, கழுவி, ஒரு வெள்ளைத் தட்டில் போட்டார்.

"கல்லு இல்லம்மா இது. பாருங்கோ."

தேவகிருபை எட்டிப் பார்த்தாள். அரிசிக் குறுணையை விடப் பெரிது இல்லை. வெள்ளை நிறம், முதுகில் வரி வரியாகக் கோடு, ஓரத்தில் லேசாக ஊதா.

அவளுக்குத் தெரியாத பொருளா அது? சிப்பித் துண்டு. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு, கடற்கரைச் சிப்பியைச் சுட்டுத்தான் ஆகிறது. அவளும் சின்ன வயதில் கூடை நிறையச் சிப்பி பொறுக்கியவள். சூளையில் சரியாக வேகாத துண்டுகள் சுண்ணாம்போடு கலந்துவிடும். அதற்காகத்தான் அவளுடைய அப்பா பதநீரைத் துணியில் இரண்டு தடவை வடித்து, அதன் பிறகே அடுப்பில் ஏற்றுவார். வடிக்காமல் காய்ச்சினால் அந்தத் துண்டு கருப்பட்டிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். சோற்றுக்குள் போக அதற்கு வழியில்லை.

டாக்டர் கை கழுவ உள்ளே போனார். தேவகிருபை புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, மீஞ்சூர்ல நெல்லு கடல்லயா வெளையுது?"

வெள்ளத்துரை கூரையைப் பார்த்தார்.

"எந்தம்பி சரக்கா?"

அவர் தலையை மட்டும் அசைத்தார். பிறகு மரத்துப்போன வாயைக் கோணிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

"மீஞ்சூருக்குப் போற அன்னைக்குக் காலைல கடி பாத்தேன். கடிக்கும்போதே சத்தம் கேட்டுச்சு."

"அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"சொல்லி? மண்டிக்குச் சரக்கு அனுப்ப ஊருப்பட்ட பேரு இருக்கான் கிருபை. ஒனக்கு அந்தப் பக்கம் இருக்கது அவன் ஒருத்தன்தான். ராசையா வேற கத்தியத் தீட்டிட்டு நிக்கான். நான் ஒரு வார்த்த சொன்னா அன்னைக்கே அத்து விட்டுருவான்."

ஒரு மாதம். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டார் என்றுகூடச் சொல்ல முடியாது, கடிக்கிற பல்லே அதுதான். அவளோ ஒரு பாவமும் அறியாத மீஞ்சூர்க்காரனைக் கரித்துக் கொட்டியிருக்கிறாள். அதைவிட, போன வாரம் அடுக்களையில் நின்று விட்ட சாபம் நினைவுக்கு வந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது.

"வாயி வெந்து போவும்னு நான் ஏசினப்பமாவது சொல்லியிருக்கப்படாதா? பேசாம இருந்தியளே!"

"வாயத் தொறந்தா வலிச்சிதுட்டி" என்றார் வெள்ளத்துரை.

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டது தன் பாக்கியம் என்று நினைத்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

டாக்டர் துண்டில் கை துடைத்துக்கொண்டு வந்தார்.

"ரெண்டு வயி கீதும்மா. ஒண்ணு, இப்பவே புடுங்கிடலாம். சட்டுனு முடிஞ்சுரும். இன்னொண்ணு, உள்ள நரம்ப எட்த்துட்டு, மருந்து வெச்சு அடைச்சு, மேல தங்கத்துல தொப்பி போடலாம். அதுக்கு நெறைய தபா வரணும். இன்னா சொல்றீங்கோ?"

"பிடுங்கிருங்க" என்றார் வெள்ளத்துரை உடனே.

"ஒங்களுக்கு எது சரின்னு படுது டாக்டரு?" என்று தேவகிருபை கேட்டாள்.

"வெடிப்பு மேலதான் கீது. வேரு இரும்பு மாரி கீது. நல்ல வேரைப் புடுங்க எனக்கு மன்சு வரலம்மா. இத எட்த்தா பக்கத்துப் பல்லு இந்தப் பக்கம் சாயும், மேல் பல்லு எறங்கும். ஆனா ஒண்ணு. தொப்பி போட்டா இந்தப் பக்கம் கெட்டியா எதையும் கடிக்கப்படாது. சென்மத்துக்கும் கடிக்கப்படாது."

வெள்ளத்துரை கையை உதறினார்.

"கேட்டியா? கடிக்காத வெள்ளத்துரைக்கு மண்டில என்ன சோலி? தராசுக்குப் படிக்கல்லாவா இருக்க? பிடுங்கச் சொல்லு. இது போனா அடுத்த பல்லு இருக்கு."

"அதுவும் வெடிச்சா?"

"அதுக்கு அடுத்தது."

"எல்லாம் போனா?"

"பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. எனக்குப் பல்லு போனா இல்ல, கடி போனாத்தான் சொல்லு போச்சு" என்றார் அவர். வேடிக்கையாகத்தான் சொன்னார். ஆனால் கண் வேடிக்கையாக இல்லை. மண்டியில் தனக்கு இருக்கிற ஒரே இடம் அந்தக் கடிதான் என்று அவர் பயந்தது அவளுக்குத் தெரிந்தது.

தேவகிருபை தட்டில் கிடந்த துண்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையில் பிடுங்கி எறியச் சொன்னவளும் அவள்தான். இப்போது மனம் ஒப்பவில்லை. ஒரு சிப்பித் துண்டு செய்த கோளாறுக்காக நல்ல வேரைத் தோண்டிப் போடுவதா? அவள் பல்லை மட்டும்தான் நினைத்தாளா, இல்லை உடன்பிறந்தவனையும் சேர்த்து நினைத்தாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

"பல்லு இருக்கட்டும் டாக்டரு. மருந்து வைங்க" என்றாள்.

"ஏட்டி, அப்பம் கடி?"

"நான் பாத்துக்கிடுதேன். பதனி காய்ச்சுத அடுப்படியில பெறந்தவ நான். கருப்பட்டிய எனக்கா தெரியாது?"

"பொம்பள மண்டில வந்து ஒக்காந்து கடிக்கவா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். அவங்களுக்காவது பல்லு நல்லாருக்கே."

டாக்டர் பலமாகச் சிரித்துவிட்டு விளக்கை மறுபடி சாய்த்தார். தேவகிருபை அந்தச் சிப்பித் துண்டை எடுத்து முந்தானை நுனியில் முடிந்துகொண்டாள்.

அவர்கள் மண்டிக்குத் திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. கூட்ஸ் ஷெட்டிலிருந்து வந்த மாட்டுவண்டிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. சரக்கு இன்னும் வண்டியிலேயே இருந்தது. ராசையா சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டான்.

அருள்நாதன் முன்வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான். ஓலையில் பொதிந்த சில்லுக் கருப்பட்டியை அக்கா கையில் கொடுத்தான்.

"எக்கா, நல்லாருக்கியா? அத்தானுக்கு என்ன கன்னம் இப்படி வீங்கிருக்கு?"

"பல்லு" என்றாள் தேவகிருபை. அவன் சின்னப் பிள்ளையில் சுக்கும் மிளகும் போட்ட இந்தக் கருப்பட்டிக்காக அவள் பின்னாலேயே அழுதுகொண்டு திரிந்தவன். அந்த முகம் நினைவுக்கு வந்து அவள் மனதை இளக்கப் பார்த்தது.

வாங்க வந்தவர்கள் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். துறைமுக வாசலில் காப்பிக்கடை போட்டிருக்கும் குப்பம்மாவும் இருந்தாள். வெள்ளத்துரை தன் இடத்தில் போய் உட்காரவில்லை. நின்றுகொண்டே, நாக்குக் குழறச் சொன்னார்.

"இன்னைக்கு எம் பொண்டாட்டி கடி பாப்பா."

பலகையில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஒருவர் கனைத்தார். குப்பம்மா அவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னாத்துக்குக் கனைக்கிற? அண்ணன் கடிச்சா இன்னா, அண்ணி கடிச்சா இன்னா? நாக்குதான ருசி சொல்லப் போவுது. ராசையா, அந்த மூணாவது வண்டில அடில கீதே, அந்தச் சிப்பத்த எடு நைனா!"

ராசையா சிப்பத்தைப் பிரித்துக் கருப்பட்டி ஒன்றை எடுத்து வந்தான். கொடுக்கும்போது அம்மாவின் காதருகே குனிந்தான்.

"எம்மா, நீ என்ன சொன்னாலும் சரி. நல்லாருக்குன்னா எறக்குவேன். மறு பேச்சு பேச மாட்டேன்."

அவன் சண்டை போட்டிருந்தால்கூட அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். கருப்பட்டியைக் கையில் வாங்கிக்கொண்டாள். 'நல்ல சரக்கு' என்று சொல்லிவிட்டால் தம்பிக்கு இந்த மண்டி நிலைக்கும். அப்புறம் இந்த மண்டி எத்தனை நாள் நிலைக்கும் என்பது வேறு கேள்வி.

ஓரத்தைக் கடைவாயில் வைத்துக் கடித்தாள். புருஷனைப் போலவே கண்ணை மூடிக்கொண்டாள்.

முதலில் இனிப்பு வந்தது. ஆனால் அவள் தேடிய இனிப்பு அது இல்லை. அப்பா காட்டுச் செம்மண்ணில் நின்ற பனைக்கு அடித்தொண்டையில் ஒரு லேசான உவர்ப்பு உண்டு. அது இதில் இல்லை. காலையில் குடித்த காப்பியிலும் இல்லை, போன மாதக் காப்பியிலும் இல்லை. பாவம், மதராஸ் தண்ணீர் மேல் பழி போட்டுக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அடுத்து, நறுக்கென்று ஒரு சத்தம். அவளுக்கு மட்டும் கேட்கிற சத்தம்.

விழுங்கிவிடலாம். ஒருவருக்கும் தெரியாது. கண்ணைத் திறந்தாள். வெள்ளத்துரை தூணில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கினாலும் அவர் ஒன்றும் சொல்ல மாட்டார் என்று அவளுக்குத் தெரியும். ஒரு மாதமாகச் சொல்லாதவர்தானே.

தேவகிருபை உள்ளங்கையில் துப்பினாள்.

"எறக்காத ராசையா" என்றாள். "தரம் சொல்லுததுக்கே இது லாயக்கில்ல. வண்டியத் திருப்பு."

பலகையில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை யாரும் கனைக்கவில்லை. குப்பம்மா எழுந்து, "நாளைக்கு வரோம் அண்ணி" என்றாள். அந்த மண்டியில் இனி கடி யாருடையது என்பது அந்த ஒரு வார்த்தையில் முடிவாகிவிட்டது. ஆட்கள் கலைந்தார்கள்.

அருள்நாதன் வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். தேவகிருபை அவனிடம் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, காலையில் எடுத்ததையும் இப்போது துப்பியதையும் உள்ளங்கையில் சேர்த்து அவன் முன்னால் நீட்டினாள். இரண்டிலும் அதே வரி இருந்தது.

"இது அத்தான் பல்லுல இருந்தது. இது என் வாயில இருந்தது. ஒங்கத்தான் பல்ல பிடுங்காம மருந்து வச்சுட்டு வந்திருக்கோம் அருளு. ஒன்னையும் அத்து விட எனக்கு மனசில்ல. அதனாலதான் கேக்கேன். அப்பா ரெண்டு தடவ வடிப்பாருல்லா. நீ ஏம்ல ஒரு தடவகூட வடிக்கல?"

அவன் நிமிர்ந்தான். கண் நிறைந்திருந்தது.

"நான் காய்ச்சி இருந்தா வடிச்சிருப்பேங்க்கா. இது கண்டவன்கிட்ட வாங்கிச் சிப்பம் கட்டுனது" என்றான். "நம்ம பனங்காடு இப்பம் நம்மகிட்ட இல்லக்கா."